பெரிய சாரின் லாகின்

ஸ்டாஃப் ரூம் சுவரில் பட்டியலை ஒட்டியது கிளார்க். ஒட்டி முடித்ததும் பசைக் கையைக் கதவு நிலையில் துடைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். ஒரு வம்பாவது பேசாமல் அந்த ஆள் எங்கள் அறையை விட்டு நகர்ந்ததே கிடையாது. அப்போதே தெரிந்தது, யாருக்கோ குழி வெட்டியாகிவிட்டது என்று.

குழி எனக்குத்தான்.

இரண்டு தாள்கள். முதல் தாளில் ஒப்பந்த ஆசிரியர்கள் ஏழு பேர். அவரவர் பெயருக்கு நேராக, பள்ளியின் போர்ட்டலில் ஏற்றிய 'இணைய வளங்கள்' எத்தனை என்று ஓர் எண். இருநூறுக்குக் குறைந்தவர்களுக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கிடையாது என்று கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி. மற்ற ஆறு பேரும் இருநூறைத் தாண்டியிருந்தார்கள். எனக்குப் பதினொன்று.

இரண்டாம் தாள் நிரந்தர ஆசிரியர்களுடையது. அதற்கு 'பாராட்டுக்குரியோர்' என்று தலைப்பு. முதல் இடத்தில் இயற்பியல் துறைத் தலைவர். பள்ளிக்கூடமே பெரிய சார் என்று கூப்பிடும் மனிதர். அவருக்கு ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

"என்ன கரண்டு, உன் ஃப்யூஸப் புடுங்கிட்டாங்க போலிருக்கு," என்றாள் கணக்கு டீச்சர். நான் மின்சாரப் பாடம் நடத்துவதால் எனக்கு அந்தப் பெயர். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

விளையாட்டு சார் இரண்டாம் தாளில் விரலை வைத்துக்கொண்டு, "ஆயிரத்து முன்னூறா? இந்த மனுஷன் மவுஸத் திருப்பிப் புடிச்சுக்கிட்டு 'அம்பு கீழ போவுது, அம்பு கீழ போவுது'ன்னு கத்துனவராச்சே," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த ஆயிரத்துச் சொச்சமும் யார் செய்தது என்று அந்த அறையில் தெரியாதவர் யாரும் இல்லை. தெரியும் என்று எழுதிக் கொடுக்கத்தான் ஒருவரும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் போர்ட்டல் வந்தபோது நிரந்தர ஆசிரியர்களுக்கு மட்டும்தான் லாகின் கொடுத்தார்கள். "எப்பக் கிளம்புவாங்கன்னு தெரியாதவங்களுக்கு எதுக்கு லாகின்?" என்று மீட்டிங்கில் கேட்டவர் ஹெச்.எம். மேடம். ஆனால் வேலை மட்டும் எங்களுக்கும் உண்டு. அதனால் ஒரு வழக்கம் வந்தது. ஒவ்வொரு துறையிலும் ஒப்பந்தக்காரர், நிரந்தரக்காரரின் லாகினில் உட்கார்ந்து வேலை செய்வது. பெரிய சார் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அன்றைக்கே என்னிடம் கொடுத்துவிட்டார். "இந்தச் சனியன நீங்களே கட்டி அழுங்க டீச்சர்." அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அதைத் திரும்பக் கேட்கவில்லை.

நான் கட்டி அழுதேன். இணையத்தில் ஆசிரியர்களுக்கு என்று கொட்டிக் கிடப்பதில் முக்கால்வாசி குப்பை. ஏழு நிமிடத்துக்கு உருப்படியான ஒரு படம் கிடைக்க முப்பது படம் பார்க்க வேண்டும். வண்ண வண்ணமாக ஆடும், பாடும், கடைசியில் பாடத்தைத் தப்பாகச் சொல்லும். என் அப்பா குவாரியில் கல் உடைத்தார், அம்மா ஜல்லி சலித்தாள். ஒன்றரை அங்குலம் ஒரு குவியல், முக்கால் அங்குலம் ஒரு குவியல், தூள் தனி. நான் செய்ததும் அதுதான். அதில் பெருமை ஒன்றும் இல்லை, முதுகுவலிதான். ஒரே பெரிய அட்டவணைக் கோப்பு. பாடம், இணைப்பு, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை போட வேண்டும், கடைசியில் குறிப்பு. குறிப்பை எனக்காகத்தான் எழுதினேன், அதனால் என் வாயில் எப்படி வருமோ அப்படி.

'முதல் நாற்பது நொடி வெறும் பாட்டு. தள்ளிவிட்டுப் போடு.'

'இந்த ஆள் பேசுவது சரி, வரைவது தப்பு. மின்னோட்டத்தின் அம்புக்குறி தலைகீழ். படத்தை மூடிவிட்டுக் குரலை மட்டும் போடு.'

'வினாடி வினா நன்று. மூன்றாம் கேள்விக்கு விடை தவறு. கண்டுபிடித்தது பிள்ளைகள், நான் இல்லை.'

ஜனவரியில்தான் எங்களுக்கும் லாகின் வந்தது. மற்ற ஆறு பேரும் இருநூறு வேண்டும் என்று எங்கேயோ காற்று வாக்கில் சேதி கேட்டு, கண்டதையும் வாரிக் கொட்டினார்கள். மொழி டீச்சர் ஏற்றியதில் பூனை பியானோ வாசிப்பதுகூட உண்டு. 'கேட்டல் திறன்' என்று தலைப்புப் போட்டிருந்தாள். இருநூற்று ஆறு. நான் முட்டாள். பாடம் வரிசையாக இருக்கிறதே என்று பழைய கோப்பிலேயே சேர்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். பெரிய சாரின் லாகினில்.

அன்று மத்தியானமே அவரை ஆய்வகத்தில் பிடித்தேன். மேசைமேல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், பட்டியல் பாத்தீங்களா?"

"பாத்தேன். பதினொண்ணு. கொஞ்சம் உழைச்சிருக்கலாம் டீச்சர்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. முகம் கல் மாதிரி இருந்தது.

"ஆயிரத்து முன்னூத்திப் பன்னெண்டு யாரு போட்டதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"என் பேர்ல இருக்கு."

"உங்க பேர்ல இருக்கு சார். என் கையில வந்தது."

"வீட்டக் கட்டுறவன் கொத்தனாரு டீச்சர். பத்திரம் யாரு பேர்ல இருக்கு?"

"கொத்தனாருக்கு டீயாவது வாங்கிக் குடுப்பாங்க. நீங்க அதுவும் குடுத்ததில்ல."

காலை இறக்கினார். குரலையும் இறக்கினார். "இந்தா பாருங்க. அடுத்த வாரம் உதவித் தலைமை ஆசிரியர் போஸ்டுக்குக் குழு வருது. இருபத்திரண்டு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன். இந்த நேரத்துல 'இது நான் செஞ்சதில்ல'ன்னு எழுதிக் குடுக்க எனக்கு என்ன கிறுக்கா?"

"முழுசா என்னுதுன்னு எழுத வேணாம். டீச்சரும் சேந்து செஞ்சதுன்னு ஒரே ஒரு வரி. எனக்கு வேலை தங்கிரும்."

"'சேந்து'ன்னு எழுதினா நோண்டுவாங்க. யாரு எவ்வளவுன்னு கேப்பாங்க. வேணாம். நீங்க சின்ன வயசு, வேற எடம் கெடைக்கும்."

"எனக்கு நாப்பத்தி மூணு சார்."

"அப்ப அனுபவம் இருக்கு. சீக்கிரமே கெடைக்கும்."

நான் வெளியே வந்தேன். அவர் மேசைமேல் ஒரு கண்ணாடிக் குடுவை இருந்தது. அதை எடுத்து வீசாமல் வந்ததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஹெச்.எம். மேடத்தின் அறையில் ஃபேன் மட்டும்தான் பேசும், அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நாம் நிற்க வேண்டும். நின்றேன். சொன்னேன்.

"சிஸ்டம் சொல்றத நான் மாத்த முடியாது. அது உங்களுதுன்னு அவரு கையால எழுதிக் குடுத்தா மேலிடத்துக்கு அனுப்பறேன். இல்லன்னா இல்ல."

"எங்களுக்கு லாகின் வேணாம்னு சொன்னது நீங்கதானே மேடம்?"

"சொன்னேன்." பேனாவைக் கீழே வைத்தார். "எழுத்துல இருக்கா?"

இல்லை. அந்தப் பள்ளியில் அவர்கள் சொன்னது எதுவும் எழுத்தில் இருக்காது. நாம் செய்தது மட்டும்தான் எழுத்தில் இருக்கும், அதுவும் இன்னொருவர் பெயரில்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் என் வீட்டுக்காரரின் வெல்டிங் பட்டறை. கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார். பாதிக் கதையிலேயே முடிவு சொல்லிவிட்டார்.

"அழிச்சுரு."

"என்னது?"

"பாஸ்வேர்டு உன்கிட்டதானே இருக்கு? அழிச்சுரு. குழு வந்து பாக்கறப்ப ஆளு வெறுங்கைய விரிச்சுக்கிட்டு நிக்கட்டும்."

"நாளைக்கு மூணாவது பீரியட் நான் பிள்ளைங்களுக்கு எதக் காட்டுவேன்? உங்க மூஞ்சியவா?"

"ஏன், என் மூஞ்சி பூரா இரும்புத் தூளு. காந்தப் பாடத்துக்கு ஆகும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையுறையைக் கழற்றினார். "நெசமாத்தான் சொல்றேன். நீ செஞ்சத நீ அழிக்கற. எவன் கேப்பான்?"

"அவரு பேர்ல இருக்கறத நான் அழிச்சா திருட்டு. நான் செஞ்சத அவரு வெச்சுக்கிட்டா சிஸ்டம்."

"அப்ப என்னதான் பண்ணப்போற?"

"தெரியல."

தெரியாமல்தான் ஒரு வாரம் ஓடியது. வகுப்பு எடுத்தேன். பெரிய சார் என்னைத் தாண்டிப் போகும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டு போனார். ஸ்டாஃப் ரூமில் என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. வேலை போகப்போகிறவள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். கணக்கு டீச்சர் மட்டும் உட்கார்ந்தாள், அவளும் கொஞ்சம் தள்ளி.

குழு வந்த அன்று காலையில் அட்டெண்டர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "பெரிய சார் உங்களக் கூப்புடுறாரு. குழுவுக்கு முன்னால அந்தக் கோப்பக் காட்டணுமாம். அவரு பேசுவாராம், நீங்க மவுஸப் புடிக்கணுமாம்."

போனேன். போகாவிட்டால் கீழ்ப்படியாமை என்று அதற்கும் ஒரு தாள் வரும். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தது.

கணினி அறையில் மூன்று பேர். இரண்டு ஆண்கள், ஒரு பெண். அந்த அம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தலைவர் அவர்தான். ஹெச்.எம். மேடம் ஓரமாக. பெரிய சார் புதுச் சட்டையில், மடிப்புக்கூடக் கலையாமல். என்னை அறிமுகப்படுத்தவில்லை. மேசை, நாற்காலி, புரொஜெக்டர் மாதிரி நானும் ஒன்று.

"நான் கடந்த மூணு வருஷமா, ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பாடத்துக்கும் நானே தேடி, நானே பாத்து..." என்று ஆரம்பித்தார். எத்தனை 'நான்' என்று எண்ணினேன். பதினேழோடு விட்டுவிட்டேன்.

தலைவரம்மா கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு திரையைக் கையால் சுட்டினார். "கடைசிக் கட்டத்துல 'குறிப்பு'ன்னு இருக்கே. அதக் கொஞ்சம் பெருசாக் காட்டுங்க."

பெரிய சாருக்கு அப்படி ஒரு கட்டம் இருப்பதே தெரியாது. என்னைப் பார்த்தார். நான் கட்டத்தை இழுத்து அகலமாக்கினேன்.

அந்த அம்மா சத்தமாகப் படித்தார். "'படம் நன்று. நடுவில் செருப்பு விளம்பரம். ஒன்பது பி பிரிவு பத்து நிமிடம் செருப்பைப் பற்றியே பேசியது.'" வாய்விட்டுச் சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். பெரிய சார் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

"உங்களுக்கு நல்லா நகைச்சுவை வருது சார்."

"கூடப் பொறந்தது மேடம்," என்றார் பெரிய சார்.

"மின்சுற்றுப் பாடத்துக்குப் போங்க. அதுல பிள்ளைங்க தாங்களாவே செஞ்சு பாக்கற மாதிரி ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. மின்சுற்று. நானூற்றுப் பதினெட்டாம் வரி. போன வருடம் ஒரு எரிச்சலில் எழுதி, எழுதியதையே மறந்துபோன குறிப்பு. சக்கரத்தை வேகமாக உருட்டினேன். வரிகள் பறந்தன.

"மெதுவா. மேல போங்க. இன்னும் மேல. ஆங், நிறுத்துங்க."

நிறுத்தினேன். வேறு என்ன செய்வது? அவர் படித்தார்.

"'மின்தடைகளை இணைத்துப் பார்க்கும் விளையாட்டு. மிக நன்று. பெரிய சாருக்குக் காட்டினேன். தொடரில் இணைத்தால் பல்பு ஏன் மங்குகிறது என்று என்னையே கேட்கிறார். இத்தனை வருடம் இந்த மனிதர் என்னத்தை நடத்தினாரோ. பிள்ளைகளிடம் நேரடியாகக் கொடு. இவர் வழியாகக் கொடுத்தால் விளங்காது.'"

புரொஜெக்டரின் ஃபேன் ஓடுவது கேட்டது. குழுவில் ஒருவர் கைக்குட்டையை எடுத்து இருமினார், அது இருமல் இல்லை. ஹெச்.எம். மேடம் ஜன்னலைப் பார்த்தார்.

"பெரிய சார்ங்கிறது யாரு?"

"அது..." பெரிய சாரின் கழுத்து சிவந்தது. "வேற ஸ்கூல்ல ஒருத்தர் மேடம். பழக்கம்."

"அவருக்குத் தொடரிணைப்பே தெரியலயா?"

"தெரியல மேடம்."

"பாவம். சரி, ஏன் மங்குதுன்னு நீங்க அவருக்கு எப்படி விளக்குனீங்க? எங்களுக்கும் சொல்லுங்களேன்."

"அது வந்து... வோல்டேஜ்... கம்பி நீளமாறப்ப..." வியர்வை மீசையில் நின்றது.

கதவு திறந்தது. கிளார்க் தலையை நீட்டினார். "பெரிய சார், டீய இங்கயே கொண்டாரச் சொல்லவா?"

தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றி மடக்கி வைத்தார். கோப்பில் ஏதோ எழுதினார். என் பக்கம் திரும்பி, மவுஸின் மேல் இருந்த என் கையை ஒரு கணம் பார்த்தார். என்னிடம் எதையும் கேட்கவில்லை. "போதும், டீ குடிக்கலாம்," என்று எழுந்துவிட்டார்.

குழுவின் வண்டி கேட்டைத் தாண்டியதும் பெரிய சார் ஸ்டாஃப் ரூமுக்குள் வந்தார். எல்லோரும் இருந்தார்கள். வழக்கமாக ஒப்பந்தக்காரரையும் 'டீச்சர், வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். அன்று அது போயிற்று.

"என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேடி!"

"சார், மரியாதை," என்றாள் கணக்கு டீச்சர்.

"இவளுக்கு என்ன மரியாதை? என் லாகின்ல உக்காந்துக்கிட்டு என்னையே கேவலமா எழுதியிருக்கா! கல்லுடைக்கிறவன் வீட்டுப் புத்தி வேற எப்படி இருக்கும்?"

"கல்லுடைக்கிறவன் பொண்ணுதான் சார். அதான் மூணு வருஷமா உங்களுக்கு உக்காந்து உடைச்சுப் போட்டேன்," என்றேன். "நீங்கதான் ஒரு கல்லக்கூடத் தூக்கிப் பாக்கல. பாத்திருந்தா அந்த வரிய அப்பவே அழிச்சிருப்பீங்க."

"எழுதிக் குடுக்கறேன் பாரு. எழுத்துல குடுக்கறேன். இன்னும் ஒரு மாசம்கூட நீ இங்க இருக்கக் கூடாது. நாளைக்கே வெளிய."

என் எதிரில் உட்கார்ந்தே எழுதினார். தாளைக் கிழிப்பதுபோல் பேனா ஓடியது. இரண்டு பக்கம். விளையாட்டு சார் தண்ணீர் எடுத்து நீட்டினார், தட்டிவிட்டார். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, எழுந்து நேராக ஹெச்.எம். அறைக்குப் போனார்.

மறுநாள் முதல் பீரியடிலேயே எனக்கு அழைப்பு. ஹெச்.எம். மேடம் இந்தத் தடவை நிற்கவைக்கவில்லை. தாள்களை என் பக்கம் தள்ளினார். "படிச்சுட்டு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. எப்படியும் இன்னும் ஒரு மாசம்தானே, நானும் பெருசு பண்ணல."

படித்தேன். வசவை எல்லாம் தாண்டி, இரண்டாம் பக்கத்தில் கண் நின்றது.

'மேற்படி கோப்பை நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. என் லாகினைப் பயன்படுத்தி, மூன்று ஆண்டுகளாக அதில் உள்ள அனைத்தையும் எழுதியவர் மேற்படி ஒப்பந்த ஆசிரியையே. ஆகவே அதில் என்னைப் பற்றி வந்துள்ள இழிசொற்களுக்கு அவரே முழுப் பொறுப்பு.'

மறுபடி படித்தேன். அந்தக் குறிப்பைத் தான் எழுதவில்லை என்று நிரூபிக்கும் ஆத்திரத்தில் மனிதர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஒரு வரி கேட்டேன், இரண்டு பக்கம் கொடுத்திருந்தார். சொந்தக் கையால்.

முகத்தில் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். "எழுதறேன் மேடம். எதுக்குப் பதில்னு குறிப்பிடணும்ல? முறைப்படி ஒரு மெமோவும், சீல் வெச்ச நகலும் குடுத்துருங்க."

"அதெல்லாம் எதுக்கு?"

"அவரு எழுத்துல குடுத்திருக்காரு. நாளைக்கு, நான் பதில் சொல்லலைன்னு வரக் கூடாது."

சலித்துக்கொண்டே கிளார்க்கைக் கூப்பிட்டார். கிளார்க் புகாரைப் பதிவேட்டில் ஏற்றினார், எண் போட்டார், நகல் எடுத்தார், சீல் குத்தினார். குத்தும்போது படித்தார். இரண்டாம் பக்கத்தில் அவர் கை ஒரு கணம் நின்றது. என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை அழுத்திக் குத்தினார்.

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பதில் எழுதினேன். பெரிதாக ஒன்றும் இல்லை. 'நானூற்றுப் பதினெட்டாம் வரியில் துறைத் தலைவரைப் பற்றி எழுதிய சொற்களுக்கு வருந்துகிறேன். புகாரில் அவரே கூறியுள்ளபடி, அந்தக் கோப்பின் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளும் நான் செய்தவை. இவற்றை என் பெயரில் சேர்த்து, ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கோருகிறேன்.' புகாரின் நகலைப் பின்னால் வைத்துக் குண்டூசி குத்திக் கொடுத்தேன்.

கடைசி பீரியடில் இருவரையும் அழைத்தார்கள். பெரிய சார் உள்ளே வரும்போதே வெற்றி முகம். ஹெச்.எம். மேடம் என் கடிதத்தை அவரிடம் கொடுத்தார். படிக்கப் படிக்க வெற்றி இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல காட்சி. பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே இருந்தது.

"மேடம், அந்தப் புகார நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"நம்பர் போட்டாச்சு சார்."

"கிழிச்சுரலாமே?"

"அவங்ககிட்ட சீல் வெச்ச நகல் இருக்கு." மேடத்தின் குரலில் எரிச்சல், பாதி அவர்மேல், பாதி என்மேல். எங்கள் இருவரையும் சேர்த்து வெளியே தள்ள முடிந்தால் தள்ளியிருப்பார். என்னிடம் திரும்பினார். "டீச்சர், நீங்களும் இத வாபஸ் வாங்கிக்கங்க. ரெண்டு பேரும் வாங்கிக்கங்க. ரினியூவல நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கறேன்னு எழுதிக் குடுங்க மேடம்."

"என் வார்த்தைய நம்ப மாட்டீங்களா?"

"லாகின் வேணாம்னு சொன்னதும் உங்க வார்த்தைதான். எழுத்துல இருக்கான்னு அன்னைக்கு நீங்கதான் கேட்டீங்க."

நம்பர் போட்ட புகார் மேலிடத்துக்குப் போனால் லாகின் கதையும் கூடவே போகும், அது அவருக்கும் தெரியும். மேடம் இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்தார். அவரே பேனாவை அழுத்தி நிரப்பினார். ஓர் ஆண்டு நீட்டிப்பு. நடத்தை என்ற இடத்தில் 'கண்காணிப்பில் உள்ளார்' என்று எழுதி, அதன் கீழே இரண்டு தடவை கோடிட்டார். கையெழுத்துப் போட்டு என் பக்கம் தூக்கிப் போட்டார். தாள் மேசையிலிருந்து சறுக்கித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். குனிவதற்கு எனக்கு வெட்கம் கிடையாது.

தாழ்வாரத்தில் பெரிய சார் வழியை மறித்துக்கொண்டு நின்றார். குழுவின் முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அவர்தான் என் துறைத் தலைவர்.

"ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் உன் ரிப்போர்ட்ட நான்தான் எழுதணும். ஞாபகம் வெச்சுக்க."

"எழுதுங்க சார். டைப் அடிக்காம கையால எழுதுங்க. உங்க கையெழுத்து எனக்கு ராசி."

அவர் கை மேலே எழுந்தது. அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். மணி அடித்து, பிள்ளைகள் வகுப்புகளிலிருந்து மொத்தமாக வெளியே கொட்டினார்கள். கையை இறக்கி, அந்தக் கூட்டத்துக்குள் தோளால் இடித்துக்கொண்டு போனார். நான் அங்கேயே நின்று, படிவத்தில் என் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன்.